உயிரியலில் எம்.எஸ்சி.: கடைசி ஆறு மாதத்திலிருந்து திட்டமிடுங்கள்

உயிரியலில் எம்.எஸ்சி. சேரப் போகிறேன் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" என்றுதான். நான் பதிலுக்குக் கேட்பது வேறு: "படிப்பின் கடைசி ஆறு மாதம், தினமும் காலையில் எதைத் தொட்டு வேலை செய்யப் போகிறீர்கள்? ஈயா, செடியா, செல்லா, கணினியா?" பலர் திகைத்துப் போகிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் பார்க்க முடியாது. வகுப்புப் பாடங்கள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மரபியல், செல் உயிரியல், உயிர்வேதியியல், சூழலியல், பரிணாமம். ஒரு மாணவரை ஆய்வாளராக மாற்றுவது ஆய்வுத் திட்டம். பிஎச்.டி. நேர்காணலிலும் வேலை நேர்காணலிலும் துருவித் துருவிக் கேட்பது அதைப் பற்றித்தான். அதனால் கீழே படிகளை வரிசையாகச் சொன்னாலும், எல்லாவற்றையும் அந்தக் கடைசி ஆறு மாதத்தை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

முதல் படி: இந்தப் பட்டம் எதற்கு?

உங்கள் இலக்கு பிஎச்.டி. என்றால், எங்கே செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து எம்.எஸ்சி.யின் தேவை மாறும். அமெரிக்காவில் உயிரியல் பிஎச்.டி.க்கு இளநிலைப் பட்டத்தோடு நேராகச் சேர முடியும். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் முதுநிலைப் பட்டத்தைக் கேட்பார்கள்.

காலமும் வடிவமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் முழுநேர எம்.எஸ்சி. வழக்கமாக ஓராண்டு. ஐரோப்பாவில் பல இடங்களில் ஈராண்டு, 120 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மொத்தமாகப் பெருக்கிப் பார்த்தால் 3000 மணி நேரத்துக்குக் குறையாது. அமெரிக்காவில் ஆய்வேட்டோடு முடிவது, ஆய்வேடு இல்லாமல் பாடங்களோடு முடிவது என இரண்டு வகை உண்டு. பிஎச்.டி. பற்றிய எண்ணம் மனத்தில் கொஞ்சமாவது இருந்தால் ஆய்வேடு உள்ளதையே எடுங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வேலைதான் இலக்கு என்றால் சேர்வதற்கு முன்பே ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த பணிகளுக்கான 20 விளம்பரங்களைச் சேகரியுங்கள். மருந்து நிறுவனத்தின் தரக் கட்டுப்பாடு, நோயறி ஆய்வகம், மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைக்கும் பணி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, உயிர்த்தகவலியல், எதுவானாலும் சரி. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் திறன்களை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் திறன்களைக் கற்றுத் தராத படிப்புக்குக் கட்டணம் கட்டாதீர்கள்.

இரண்டாம் படி: ஆய்வுமுறைப் பகுதியைப் படித்துத் துறையைத் தேர்ந்தெடுங்கள்

"எனக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஆர்வம்", "வனவிலங்கு என்றால் உயிர்" என்று சொல்வார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் புற்றுநோய் ஆய்வகத்தில் ஒரு நாள் என்பது செல்களுக்கு ஊட்டக் கரைசல் மாற்றுவது, குழாய்களுக்குப் பெயர் எழுதுவது, சிறு துளிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது. வனவிலங்கு ஆய்வில் ஒரு நாள் என்பது தானியங்கிக் கேமரா எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து, அசையும் புல்லையும் அசையும் விலங்கையும் பிரிப்பது.

ஆகவே இப்படிச் சோதித்துப் பாருங்கள். உங்களை ஈர்க்கிற மூன்று நான்கு துறைகளிலிருந்து தலா மூன்று ஆய்வுக் கட்டுரைகளை எடுங்கள். முன்னுரையையும் முடிவுரையையும் விட்டுவிட்டு ஆய்வுமுறைப் பகுதியை மட்டும் படியுங்கள். முன்னுரை எல்லோரையும் கவரும். அது அதற்காகவே எழுதப்படுவது. ஆய்வுமுறைப் பகுதியில்தான் உங்கள் அன்றாடம் இருக்கிறது. எந்தத் துறையின் ஆய்வுமுறையைப் படிக்கும்போது சலிக்காமல், "இதை ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று கேள்வி எழுகிறதோ, அந்தத் துறையில் உங்களால் தாக்குப்பிடிக்க முடியும்.

சோதனைக்கூட வசதி குறைந்த இடத்தில் இருக்கிறீர்களா? அதனால் கதவு மூடிவிடவில்லை. ஜென்பேங்க்கில் உள்ள மரபணு வரிசைகள், 1971 முதல் சேர்ந்துவரும் புரத அமைப்புகளின் வங்கி, ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்துத் தந்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்கள், எந்த உயிரினம் எங்கே காணப்பட்டது என்ற உலகளாவிய பதிவுகள் எல்லாம் எவருக்கும் இலவசம். மற்றவர்கள் திரட்டிய தரவை வைத்து நல்ல எம்.எஸ்சி. ஆய்வேடுகள் எழுத முடியும். நல்ல கேள்வி மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: உயிரியின் கடிகாரத்தைப் பாருங்கள்

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களுக்குக் கிடைப்பது ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டு. அதற்குள் எத்தனை முறை தவறு செய்து திருத்திக்கொள்ள முடியும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் எடுத்துக்கொள்ளும் உயிரி. ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊட்டத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஈஸ்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம். சி.எலிகன்ஸ் என்ற புழு மூன்று நான்கு நாளில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். பழ ஈக்கு 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய பத்து நாள். அராபிடாப்சிஸ் செடிக்கு விதையிலிருந்து விதை வர ஆறு முதல் எட்டு வாரம். வரிக்குதிரை மீன் முதிர்ச்சியடைய மூன்று மாதம். சுண்டெலிக்குக் கர்ப்பம் மூன்று வாரம், பிறந்த குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஆறு முதல் எட்டு வாரம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு வெவ்வேறு மரபணுக்களும் செயலிழந்த சுண்டெலி வேண்டும் என்று வையுங்கள். தலா ஒரு மரபணு செயலிழந்த இரண்டு வகைகளைக் கலந்து முதல் தலைமுறை, அவற்றைத் தமக்குள் கலந்து இரண்டாம் தலைமுறை. மெண்டலின் விதிப்படி இரண்டாம் தலைமுறையில் 16 குட்டிகளில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டி. ஒப்பிடுவதற்குப் போதுமான எண்ணிக்கை சேர்வதற்குள் உங்கள் ஆறு மாதம் தீர்ந்துவிடும். சோதனையே இன்னும் தொடங்கியிருக்காது. இதே கேள்வியைப் பழ ஈயில் கேட்டால் இரண்டு தலைமுறை மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

சுண்டெலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டிய வகை அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். களப்பணியிலும் இதே கதைதான். பறவைகள் வலசை வருவது, தவளைகள் கூவுவது, மரம் பூப்பது எல்லாம் ஆண்டுக்கு ஒரு பருவம். உங்கள் திட்டம் தொடங்கும் மாதத்துக்கும் அந்தப் பருவத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்க்க வேண்டும். ஒரு பருவம் தவறினால் ஓராண்டு போய்விடும்.

நான்காம் படி: கைடைத் தேடுவது

பெரிய பெயருள்ள ஆய்வகம், அக்கறையுள்ள கைடு. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். பிரபலமான பேராசிரியரை மாதம் ஒரு முறை பார்ப்பதைவிட, வாரம் ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து உங்கள் தரவைப் பார்க்கும் ஒருவர் உங்களுக்கு அதிகம் கற்றுத் தருவார். பல ஆய்வகங்களில் எம்.எஸ்சி. மாணவரை நேரடியாக வழிநடத்துவது ஒரு பிஎச்.டி. மாணவரோ முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளரோதான். அவர் யார், உங்கள் திட்டம் முடியும்வரை அங்கே இருப்பாரா என்று தவறாமல் கேளுங்கள்.

முதல் மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுதுங்கள். "உங்கள் மகத்தான ஆய்வுகளால் கவரப்பட்டு" என்று தொடங்கும் அஞ்சல் தினமும் அவருக்கு வருகிறது, படிக்க மாட்டார். அவருடைய ஒரு கட்டுரையை உண்மையிலேயே படித்துவிட்டு, அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். உதாரணமாக இப்படி:

"வணக்கம். ஈக்களின் தூக்கம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் ஆண் ஈக்களை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். முட்டையிடுவதால் பெண் ஈக்களின் தூக்க அளவீடு குழம்பும் என்பதாலா? நான் இளநிலையில் ஈக்களை வளர்த்துப் பழகியிருக்கிறேன். ஆர் மொழியில் அடிப்படைப் பகுப்பாய்வு தெரியும். அடுத்த ஆண்டு எம்.எஸ்சி. திட்டத்துக்கு மாணவர்களைச் சேர்க்கிறீர்களா?"

இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். மனம் வருந்தத் தேவையில்லை.

ஒப்புக்கொண்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஆய்வகத்தில் இருக்கும் மாணவர்களிடமும் அங்கே படித்து வெளியேறியவர்களிடமும் தனியாகப் பேசுங்கள். கடைசி மூன்று எம்.எஸ்சி. மாணவர்கள் குறித்த காலத்தில் முடித்தார்களா? சோதனை தோற்றபோது கைடு என்ன சொன்னார்? கட்டுரை வெளியானபோது மாணவர் பெயர் அதில் இருந்ததா? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில் எந்தத் தரவரிசைப் பட்டியலையும்விட நம்பகமானது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அதுவும் ஒரு பதில்தான்.

ஐந்தாம் படி: விண்ணப்பமும் பணமும்

இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் குறைந்தது ஆறு வாரம் முன்பே கேளுங்கள். உங்கள் மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கை, கடைசித் தேதி மூன்றையும் ஒரே அஞ்சலில் அனுப்பிவையுங்கள். நோக்க அறிக்கையில் சிறு வயதில் பட்டாம்பூச்சி பிடித்த கதை வேண்டாம். நீங்கள் செய்த ஒரு சோதனை, அதில் எது புரியவில்லை, அதற்காக எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள்.

பணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியவை: கற்பித்தல் உதவியாளர் பணி, கைடின் ஆய்வு நிதியிலிருந்து வரும் உதவித்தொகை, அரசு உதவித்தொகைகள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். தேர்வானவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. உயிரியல், கடல்சார் உயிரியல், சூழலியல் தொடர்பான படிப்புகள் அதில் இருக்கின்றன.

ஆறாம் படி: சேர்ந்த முதல் மாதத்திலேயே

அனுமதிகளில் தொடங்குங்கள். முதுகெலும்புள்ள விலங்குகளோடு வேலை என்றால் பெரும்பாலான நாடுகளில் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த மூன்று கொள்கைகளை அங்கே கேட்பார்கள்: விலங்குக்கு மாற்று உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வேதனையைத் தணிக்க முடியுமா? மனித மாதிரிகளுக்குத் தனிக் குழு. காட்டில் சேகரிக்க வனத்துறை அனுமதி. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாதிரிகளை எடுத்துப் போனால் உயிரினங்களின் மரபு வளங்களைப் பகிர்வது பற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கையின் விதிகளும் குறுக்கே வரலாம். இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். குழு கூடும் தேதியைத் தெரிந்துகொண்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

அடுத்தது புள்ளியியல். தரவெல்லாம் திரட்டி முடித்த பிறகு "இதற்கு எந்தச் சோதனை போடுவது?" என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மரபியலாளரும் புள்ளியியலாளருமான ரொனால்ட் ஃபிஷர் 1938லேயே சொன்னார்: சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் போவது பிணப் பரிசோதனை செய்யச் சொல்வது போல, சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம். திட்டம் போடும்போதே போய்க் கேளுங்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் எண்ணிக்கை. ஒரே செடியின் பத்து இலைகளை அளந்தால் அது பத்து மாதிரி ஆகாது, ஒரு செடிதான். உரம் போட்ட தொட்டி ஒன்று, போடாத தொட்டி ஒன்று, ஒவ்வொன்றிலும் இருபது செடி என்றால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு தொட்டிகளை. நாற்பது செடிகளை அல்ல. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் இந்தப் பிழையைப் பற்றி எழுதியபோது, வெளியான சூழலியல் கட்டுரைகளிலேயே இது மலிந்திருப்பதைக் காட்டினார். இன்றும் ஆய்வேடுகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆர் அல்லது பைத்தான், இந்த இரண்டு நிரல்மொழிகளில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். எக்செல்லில் தரவைப் பதிவு செய்யலாம். பகுப்பாய்வை அதில் செய்யாதீர்கள். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் மார்ச், செப்டம்பர் மாதத் தேதிகளாக மாற்றிவிடும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருந்ததைக் கண்டுபிடித்தது. கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது.

ஏழாம் படி: கையும் குறிப்பேடும்

முதல் வாரத்தில், சிறு அளவுத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவியான பிப்பெட்டைப் பிடித்துப் பழகுங்கள். அழுத்தும்போது விரலுக்கு இரண்டு தடைகள் தெரியும். முதல் தடை வரை அழுத்தித் திரவத்தை எடுக்க வேண்டும். வெளியே விடும்போது இரண்டாம் தடை வரை அழுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் அளவு கூடிப்போகும், கண்ணுக்குத் தெரியாது. சரியாக எடுக்கிறீர்களா என்று பார்க்க எளிய வழி உண்டு: 1000 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் தராசில் விடுங்கள், ஏறக்குறைய ஒரு கிராம் காட்ட வேண்டும். பத்து முறை விட்டு, பத்தும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள்.

கண்ட்ரோல், அதாவது என்ன விடை வர வேண்டும் என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரி, இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். என் எம்.எஸ்சி. காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் செய்து, வந்ததை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினேன். எட்டு மாதிரிகளிலும் அழகான பட்டை, எதிர்பார்த்த உயரத்தில். ஒன்பதாவது குழி டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் போட்டது. அங்கே ஒன்றும் தெரியக் கூடாது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் அதிலும் மெல்லிய பட்டை. அதே உயரம். அந்தக் குழியை விட்டுவிட்டுப் படம் எடுத்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பட்டை அங்கே இருக்கும்வரை மற்ற எட்டுக்கும் அர்த்தம் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. பிசிஆரின் ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ இரட்டிக்கிறது. 30 சுழற்சியில் ஒரே ஒரு மூலக்கூறு, கணக்குப்படி 100 கோடிக்கு மேல் ஆகிவிடும். முடிந்த பிசிஆர் குழாயைத் திறந்த அதே மேசையில் நான் புதுக் கலவையையும் தயாரித்துக்கொண்டிருந்தேன். காற்றில் தெறித்த கண்ணுக்குத் தெரியாத துளி தண்ணீர்க் குழாயில் விழுந்திருக்கிறது. அதன் பிறகு தயாரிக்கும் மேசை வேறு, திறக்கும் மேசை வேறு. தண்ணீரைச் சிறு சிறு குழாய்களில் பிரித்து, ஒரு முறை பயன்படுத்தியதும் எறிந்துவிடுவது. பிப்பெட்டுக்கு வடிகட்டி உள்ள முனைகள். அந்த மூன்று வாரத்தில் கற்றதைத்தான் இன்றும் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிறேன்.

குறிப்பேட்டை அன்றன்றைக்கே எழுதுங்கள். தேதி, எந்தப் பெட்டியின் வேதிப்பொருள், அதன் தொகுதி எண், வெப்பநிலை, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. எழுதிய பிழையை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள். "வழக்கம்போல" என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த வழக்கம் என்ன என்று உங்களுக்கே தெரியாது.

எட்டாம் படி: எழுதி முடிப்பது

ஆய்வேட்டை முன்னுரையிலிருந்து தொடங்கினால் மாதக்கணக்கில் அங்கேயே நிற்பீர்கள். முதலில் படங்கள். நான்கு அல்லது ஐந்து படங்களை மேசையில் பரப்பி, எந்த வரிசையில் வைத்தால் கேள்விக்குப் பதில் புலப்படுகிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கீழே விளக்கம். ஆய்வுமுறையைச் சோதனை நடக்கும்போதே எழுதிவிடலாம். அப்போதுதான் நினைவில் இருக்கும். பிறகு முடிவுகள், விவாதம், எல்லாவற்றுக்கும் பின்னால் முன்னுரை. மேற்கோள்களுக்கு ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கட்டும்.

எதிர்பார்த்த முடிவு வரவில்லையா? அப்படியே எழுதுங்கள். நன்றாக வடிவமைத்த சோதனையில் விளைவு இல்லை என்று காட்டுவதும் முடிவுதான். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் பெரும்பாலும் கேட்பது "ஏன் இந்தக் கண்ட்ரோல்?", "ஏன் இத்தனை மாதிரி?", "மறுபடி செய்வதானால் எதை மாற்றுவீர்கள்?" என்பவைதான். குறிப்பேடு நேர்மையாக இருந்தால் இவற்றுக்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கும்.

பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். உறைபெட்டியில் உள்ள உங்கள் குழாய்களை எல்லாம் எடுத்து, எதில் என்ன, எந்தத் தேதி, குறிப்பேட்டின் எந்தப் பக்கம் என்று அழியாத மையில் எழுதி, பட்டியலை அடுத்த மாணவருக்கு அனுப்புங்கள். தரவையும் நிரலையும் ஒரே கோப்புறையில் வைத்து, முதலில் எதைத் திறப்பது என்று ஒரு பக்கம் எழுதிவையுங்கள். நீங்கள் ஒரு வருடம் பாடுபட்டு வளர்த்த ஈ வகையையோ விதைகளையோ யார் பார்த்துக்கொள்வார் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.